மாணிக்கம்மாள் மெஸ்ஸில் செத்த எலி

ஜமுனாமரத்தூரில் மாணிக்கம்மாள் நடத்தும் மெஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒன்று மாட்டச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். பசிக்கிறவனுக்கு மூக்கு இருக்கிறதே, அது போதாதா என்பது அவர் கட்சி. அதுவும் சரிதான். முற்பகலில் அவர் எண்ணெயைக் காயவைத்துத் தாளிப்பு வடகத்தைக் கிள்ளிப் போட்டார் என்றால், போளூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட அடுத்த வண்டிக்குப் போய்க்கொள்ளலாம் என்று இறங்கி வருவார்கள். நான் திருப்பத்தூர்க்காரன். இங்கே ஒரு சங்கத்தில் புளியும் தேனும் சாமையும் எடை போட்டு வாங்குகிற வேலை. குடும்பம் கீழே, நான் மேலே, மூன்று வேளைச் சோறும் மாணிக்கம்மாள் மெஸ்ஸில். ஆகவே இந்தக் கதையில் என் வயிற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மாணிக்கம்மாளுக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே, படவேட்டுப் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். கல்யாணமான புதிதில் புருஷன் தாண்டவராயனோடு மலையேறி வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அடுப்பு மூட்டியவர். இப்போது கொட்டகை கட்டடமாகிவிட்டது. பிள்ளைகள் ஓசூரிலும் சென்னையிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். மெஸ்ஸில் இருப்பது மூன்று பேர். அடுப்பு மாணிக்கம்மாளுடையது. அரைப்பதும் நறுக்குவதும் நதியா. ஒடுகத்தூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். தண்ணீர் பிடிப்பது, இலை போடுவது, பரிமாறுவது, சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது தாண்டவராயன். மனிதருக்குப் பெயர்தான் பெரியது. அவர் குரலை நான் கேட்டது அபூர்வம்.

குரலுக்கான இடம் முழுவதையும் அந்த அம்மா எடுத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார், பாவம். ரசம் கொஞ்சம் புளிக்கிறது என்று ஒரு வனக்காவலர் ஒரு முறை சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்கு விழுந்த வசவில், அதற்குப் பிறகு பரோட்டாக் கடைதான் அவருக்குக் கதி. ஆனால் வாய்க்கு ஏற்ற மூக்கும் மாணிக்கம்மாளுக்கு உண்டு. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே, உள்ளே நதியா வதக்கும் பூண்டு ஒரு நிமிஷம் கூடிவிட்டது என்பார். எட்டிப் பார்த்தால் கூடித்தான் இருக்கும். குழம்பு கொதித்ததும் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு எப்படி இருக்கிறது என்று புருஷனைக் கேட்பார். அவர் நல்லா இருக்கு என்பார். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான்.

இப்படிப்பட்டவர் காலில் ஒரு புண் வந்தது. வலது காலில், கட்டைவிரலுக்கு அடுத்த விரலில், மாமியார் போட்டுவிட்ட கனத்த வெள்ளி மெட்டி. நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிற கால் சாயங்காலமானால் வீங்கும். வீங்கிய விரலை மெட்டி அறுத்திருக்கிறது. அவருக்கு அது தெரியவே இல்லை. சர்க்கரை உள்ளவர்; பல வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது. சிமெண்டுத் தரையில் சிவப்பாகத் தடம் விழுவதைப் பார்த்து நதியாதான் சொன்னாள். அப்போதும் அந்த அம்மா அது தக்காளி என்றார். பிறகு காலைத் தூக்கிப் பார்த்து, தக்காளி இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

சுகாதார நிலையத்துக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அங்கே இருந்த நர்ஸ் மெட்டியைக் கழற்றிக் கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், சர்க்கரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாராம். ஊசி போட்டாகிவிட்டதே, அதற்கு மேல் அங்கே என்ன வேலை என்று இவர் போகவில்லை. நம் ஊரில் டி.டி. ஊசியின் மேல் இருக்கிற நம்பிக்கை பெரியது. அது ரண ஜன்னிக்குப் போடுகிற ஊசி, புண்ணில் சீழ் பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும்தான் யார் சொன்னார்கள்? மீதி வைத்தியத்தை மாணிக்கம்மாளே பார்த்துக்கொண்டார். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அப்பினார். தண்ணீர் படக் கூடாது என்று குளிக்கும்போது காலில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டார். மற்ற நேரம் காற்றாட விட்டார்.

அதோடு நின்றிருந்தால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. புண்ணுக்கு வாடை ஆகாது என்று ஒரு சட்டம் போட்டாரே, அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

“தாளிக்கற வாடை பட்டா புண்ணு சீழ் கட்டிக்கும் சார். இது ஆறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்,” என்றார் என்னிடம். ஏதோ எனக்காக விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு முகம்.

அன்றோடு தாளிப்பு நின்றது. வடகம் டப்பாவுக்குள் போனது. சாம்பார் வெந்த பருப்பாக வந்தது, ரசம் புளித்தண்ணீராக வந்தது, பொரியல் வெறும் அவித்த காயாக வந்தது. கருவாடு என்ற பேச்சே கூடாது. பக்கத்தில் பஜ்ஜி போடும் சின்னராசுவின் அடுப்பைத் தெருவின் அந்தக் கோடிக்கு விரட்டினார். அவரும் மறுபேச்சில்லாமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தன் சாப்பாட்டிலும் மாணிக்கம்மாள் கடுமையாக இருந்தார். பருப்பு தின்றால் சீழ் வைக்கும், முட்டை தின்றால் சீழ் வைக்கும், கத்திரிக்காய் அரிக்கும். ஆக மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான். ஊருக்கே ஆக்கிப் போடுகிறவர் ஒட்டிய கன்னத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என் இலையைப் பார்த்தால் இன்னும் வருத்தமாக இருந்தது.

கேட்டால், வலியே இல்லை என்பார் பெருமையாக. புண் மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது; மஞ்சள் பூசியதால் பார்க்க மங்களகரமாகக்கூட இருந்தது. விரல் மட்டும் கொஞ்சம் பருத்துப் பளபளவென்று இருந்தது. சதை போடுகிறது என்றார்.

அப்புறம்தான் எலி செத்தது.

ஒரு நாள் காலை இட்லிக்குப் போனபோதே மாணிக்கம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது, கண்டுபிடித்து எடுத்துப் போடும்வரை யாருக்கும் நிம்மதி கிடையாது என்றார். தேடல் ஆரம்பித்தது. தாண்டவராயன் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நதியா கிரைண்டரை நகர்த்தினாள். கேஸ் சிலிண்டர்கள் உருண்டன. பரண்மேல் கிடந்த பழைய அண்டாக்கள் இறங்கி, துலக்கப்பட்டு, மறுபடி ஏறின. நானும் சும்மா இருக்கவில்லை. சங்கத்தில் எலிகளோடு எனக்கு நெடுநாள் பழக்கம் என்பதால் டார்ச் அடித்துக்கொண்டு சாக்கடை வாய்வரை குனிந்து பார்த்தேன். ஓர் எலியும் இல்லை. மறுநாள் வாடை இன்னும் கூடியிருந்தது. நதியா சாம்பிராணி போட்டாள். தாண்டவராயன், அடுப்படியில் காற்று வரவில்லை என்று சொல்லி, மாணிக்கம்மாளின் நாற்காலியை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டார்.

“மூணு பேருக்கு மூக்கு இருந்து இன்னா புண்ணியம்? ஒரு எலியக் கண்டுபுடிக்கத் துப்பில்ல,” என்றார் அந்த அம்மா. அந்த மூன்று பேரில் நானும் ஒருவன்.

எலி அகப்படாமலே ஆடி வெள்ளி வந்துவிட்டது. படவேட்டில் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகாமல் மாணிக்கம்மாள் ஓர் ஆடியையும் விட்டதில்லை. மெஸ்ஸை நதியாவிடமும் புருஷனிடமும் ஒப்படைத்து, எலியை எடுக்காமல் தன் முகத்தில் முழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தனியாகப் போளூர் பஸ் ஏறினார். பஸ்ஸில் நடந்தது அவரே பிற்பாடு சொன்னது.

ஜன்னலோர இருக்கை. மலைக்காற்று முகத்தில் அடிக்கிறது. வீட்டு நாற்றம் விட்டது என்று அவர் மூச்சை இழுத்தால், அதே வாடை. முன்னால் பையோடு உட்கார்ந்திருந்தவர் கருவாடு எடுத்துப் போகிறார் என்று நினைத்து அவரைக் கேட்டார். அவர் பையில் வேட்டி சட்டை. பின்னால் ஒருத்தி பலாப்பழம் வைத்திருந்தாள். அழுகலோ என்று கேட்டு அவளிடமும் பேச்சு வாங்கினார். சரி, இந்தப் பக்கம் வேண்டாம் என்று எழுந்து போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். வாடையும் எழுந்து வந்து கூடவே உட்கார்ந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அவருக்கு மனசில் என்னவோ செய்தது. செருப்பைக் கழற்றி, காலை இருக்கைமேல் தூக்கி வைத்து, முழுப் பஸ்ஸும் பார்க்கக் குனிந்து மோந்து பார்த்தார்.

அது கெட்டுப்போனதன் வாடை. கெட்டுப்போன கறியை இலையில் மடித்துக் கொடுத்தாலும் கடைக்காரன் முகத்தில் விட்டெறிகிற மூக்கு அது. அதற்கு மேல் யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போளூரில் இறங்கினார். படவேட்டுக்குப் போகவில்லை. நடைமேடையில் நின்று புருஷனுக்குப் போன் போட்டு, எலி கிடைத்துவிட்டது, கீழே பெரிய மருத்துவமனைக்குப் போகிறேன், வந்து சேர் என்று மட்டும் சொன்னார். போனில் தாண்டவராயன் அழுகிற சத்தம் கேட்டதாம். நான் அப்போது பக்கத்தில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஓர் எலிக்காக இந்த மனிதர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாணிக்கம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று அவர் சொன்ன பிறகு, சங்கத்தில் லீவு சொல்லிவிட்டு அவரோடு நானும் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் நாலு வார்த்தை கேட்க ஒரு வாய் வேண்டுமே.

வார்டில் இளவரசி என்று ஒரு நர்ஸ். சிறிய உருவம், அவசரமே படாத கை. நாங்கள் போனபோது புண்ணை உப்புநீரால் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் படக் கூடாதே என்று மாணிக்கம்மாள் பதற, தண்ணீர் படாததுதான் குற்றம் என்றார் அந்தப் பெண். காய்ந்த பொருக்கு கரைந்து வந்ததும் உள்ளே இருந்தது தெரிந்தது. மேலே மூடி போட்டுக்கொண்டு, அடியில் எலும்புவரை சீழ். கழுவி முடித்த பிறகு இளவரசி மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனார். பழைய கட்டும் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்தே ஒரு வாடை அடிக்கும், அதை வைத்துப் பயப்படக் கூடாது, சுத்தமாகக் கழுவிய பிறகும் அடித்தால்தான் அது கிருமி என்று எங்களுக்குச் சொன்னார். அடித்தது. பிறகு புறங்கையை வலது பாதத்தில் வைத்தார், இடது பாதத்தில் வைத்தார், என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். வலது பாதம் கொதித்தது. ஆறிவிட்டது, ஆறிவிட்டது என்று இந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்த கால் அது.

வலி இல்லையே என்று கேட்டார் மாணிக்கம்மாள், கடைசி நம்பிக்கையாக. சர்க்கரைக்காரர்களுக்கு வலி இல்லாதது நல்ல சேதி இல்லை என்றார் இளவரசி. விரலிலிருந்து பாதத்துக்கு ஏறியிருந்த சிவப்பு எங்கே முடிகிறதோ, அந்த ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு வரைந்தார். மருத்துவர் வந்து படம் எடுத்துப் பார்த்து, எலும்பு கெட்டுவிட்டது, விரலை எடுத்தாக வேண்டும் என்றார். பாதம் தப்புமா என்று நான் கேட்டேன். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் தப்பும், தாண்டினால் மேலே போக வேண்டிவரும் என்றார். பாதம் போனால் அந்த அம்மாவுக்கு அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாத மாணிக்கம்மாளை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை. அவர் அந்தப் பேனாக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை எடுக்கக் கூட்டிப்போவதற்கு முன்னால்தான் புருஷனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“போன்ல எலி கெடைச்சிடுச்சின்னேன். எங்கன்னு நீ கேக்கவே இல்ல. ஏன்யா கேக்கல?”

தாண்டவராயன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்குத் தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“மொதல்லேர்ந்தே. நதியாவுக்கும் தெரியும்.”

“அப்பறம் இன்னாத்துக்குய்யா மூட்டையெல்லாம் எறக்கித் தேடின?”

“நீ தேடச் சொன்ன.”

அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் தாண்டவராயன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விரல் தப்பியிருக்குமே என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. தெரிந்துகொண்டே இல்லாத எலிக்காக மூட்டை இறக்கிய மனிதர், ஒவ்வொரு மூட்டையையும் எந்த மனசோடு இறக்கியிருப்பார்? உண்மையிலேயே எலியைத் தேடியவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விரல் போயிற்று. சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. இரண்டொரு நாளில் உள்வாங்க ஆரம்பித்தது. ஆனால் விரல் இருந்த இடத்தில் ஆழமாகப் புண். அதற்கு வேக்கம் கட்டு போட வேண்டும் என்றார்கள். புண்ணின் அளவுக்குக் கறுப்பு ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே வைத்து, மேலே கண்ணாடி போன்ற ஒட்டுத் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஒரு குழாயைச் செருகி, கைப்பை அளவு இருக்கிற மிஷினோடு சேர்த்துவிடுவார்களாம். மிஷின் விடாமல் மெதுவாக இழுக்கும். கெட்ட நீர் டப்பாவுக்குள் போகும், புண் சுருங்கும், புதுச் சதை ஏறும். புண்ணைக் காற்றாட விட்டே வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இது கேட்கவே விபரீதமாக இருந்தது. இருக்கிற ரத்தத்தையும் அது உறிஞ்சிவிடும் என்று மாணிக்கம்மாள் காலை இழுத்துக்கொண்டார். மருத்துவர் சொல்லிப் பார்த்தார், இளவரசி சொல்லிப் பார்த்தார், நானும் என் பங்குக்குச் சொன்னேன். அசையவில்லை.

அசைத்தது ஆஸ்பத்திரி கேன்டீன். மதியம் அங்கே யாரோ கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தார்கள். வாடை வார்டுக்குள் வந்ததும் மாணிக்கம்மாள் பதறிப்போய்ப் புடவைத் தலைப்பை எடுத்துக் காலை மூடினார். பிறகு ஏதோ யோசித்து இளவரசியைக் கூப்பிட்டார்.

“கண்ணு, அந்தத் தாள ஒட்டினா உள்ள வாடை போவுமா?”

“காத்தே போவாதும்மா. போனா மிஷின் கத்தும்.”

“இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா. ஒட்டு.”

ஒட்டினார்கள். வெளி வாடையால் புண்ணுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருந்து வரும் வாடையைத்தான் கவனிக்க வேண்டும் என்று இளவரசி பொறுமையாக எடுத்துச் சொன்னார். சரி கண்ணு, சரி கண்ணு என்று மாணிக்கம்மாள் கேட்டுக்கொண்டார். உப்புக் குறைவு என்று சொல்கிற வாடிக்கையாளரிடம் அவர் காட்டும் முகம் எனக்குத் தெரியும், அதே முகம். பருப்பும் முட்டையும் சாப்பிட்டால்தான் சதை வளரும் என்றபோது மட்டும் கொஞ்ச நேரம் மிஷினையே பார்த்தார். பருப்பு தின்று சீழ் கட்டினாலும் அதுதான் உறிஞ்சிக்கொள்ளப் போகிறதே என்று தைரியம் வந்து, அன்றிலிருந்து இரண்டு வேளையும் பருப்பு, காலையில் முட்டை. கன்னம் தேறியது. கட்டு மாற்றும்போதெல்லாம் புண் அடியிலிருந்து சிவந்து மேடேறி வந்தது. அந்தச் சிவப்பு வேறு, கோட்டுக்குள் இருந்த சிவப்பு வேறு என்று எனக்கே தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு மாணிக்கம்மாள் அந்த மிஷினைப் பற்றிப் பிரசங்கமே செய்தார். வாடை தடுக்கிற மிஷின் என்றுதான் சொன்னார். யாரும் திருத்தவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது புண் மேலாக வந்திருந்தது. மிஷினை எடுத்துவிட்டு, ஈரத்தைக் காத்து வைத்திருக்கிற ஒரு கட்டு போட்டார்கள். கடையில் விற்கிற செருப்பு கூடாது என்று மிருதுவான எம்.சி.ஆர். செருப்பு கொடுத்தார்கள். அதற்கு மேல் இளவரசி ஒன்று செய்தார். அந்த அம்மாவுக்குக் குனிந்து பாதத்தைப் பார்க்க முடியாது என்பதால், தினம் சாயங்காலம் இரண்டு பாதங்களையும் கழுவி, துடைத்து, அடியிலும் விரலிடுக்கிலும் பார்த்து, புறங்கையால் தொட்டு, மோந்து பார்க்கிற பொறுப்பைத் தாண்டவராயனிடம் கொடுத்தார். ஏதாவது வித்தியாசமாக இருந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்றார். மாணிக்கம்மாளிடம் திரும்பி, அவர் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்றும் சொன்னார். நர்ஸுக்கு எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாது. ஆனால் வார்டில் இருந்த இத்தனை நாளில் இரண்டு பேரையும் பார்த்திருந்தாரே.

மெஸ் திறந்தது. வடகம் டப்பாவிலிருந்து வெளியே வந்தது. புண்தான் கட்டுக்குள் மூடியிருக்கிறதே என்று மாணிக்கம்மாள் உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொண்டு தாளித்தார். முதல் நாள் சாம்பாரை நான் மூன்று முறை வாங்கிக் குடித்தேன். சின்னராசுவின் தள்ளுவண்டியும் பழைய இடத்துக்கு வந்தது. சாயங்காலம் டிபன் கூட்டம் வருவதற்கு முன்னால், தாண்டவராயன் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மனைவியின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். பார்ப்பார், தொடுவார், குனிந்து மோப்பார். முதலில் ஊரில் சிரித்தார்கள். பூஜை ஆயிற்றா என்று நானே கேட்டிருக்கிறேன். மாணிக்கம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு தோசைக் கல்லைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எப்படி இருக்கிறது என்பார். நல்லா இருக்கு என்பார் தாண்டவராயன்.

அந்தப் பதில்தான் எனக்குப் பயமாக இருந்தது. நதியாவுக்கும் அதே பயம்; என்னிடம் சொன்னாள். குழம்பு தீய்ந்து போயிருந்த அன்றும் நல்லா இருக்கு என்று சொன்ன மனிதர் அவர். கெட்டுப்போன நாளில் மட்டும் வேறு பதில் சொல்வார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பார்க்கிறேன் சார் என்றார், அவ்வளவுதான். சிரிப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மறு வருஷம், மலையில் கோடை விழா நடந்த சமயம். கீழிருந்து கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். மெஸ்ஸில் உட்கார இடமில்லை. வெளியே பெஞ்சு போட்டும் போதவில்லை. அந்தச் சாயங்காலம் மாணிக்கம்மாள் காலைக் கொடுக்கவே இல்லை. கல்லில் நாலு தோசை, காத்திருப்பது நாற்பது பேர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தாண்டவராயன் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, முக்காலிக்கு அடியிலேயே உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த பாதங்களை எடுத்துக்கொண்டார். வலது காலைப் பார்த்தார். இடது காலைப் பார்த்தார். இடது பாதத்தில் வைத்த புறங்கையை எடுக்காமல் வெகுநேரம் இருந்தார்.

“மாணிக்கம், இந்தக் காலு சூடா கீது. செருப்பு வாரு பட்ட எடம் செவந்து கீது. அடுப்ப நிறுத்து. கெளம்பு.”

பெரிய குரல். வெளி பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நதியா சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அது சிறிய கொப்புளம்தான், சீக்கிரம் போனதால் மருந்தோடும் கட்டோடும் போயிற்று என்பதெல்லாம் எங்களுக்கு அப்புறம் தெரிந்தது. அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. மாணிக்கம்மாள் வாயைத் திறந்தார். வசவு வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வசவு வரவில்லை. சாப்பிட வந்தவரை இலைக்கு முன்னால் காக்க வைத்துவிட்டு எழுந்து போனதே இல்லாத அந்த அம்மா, கையை நீட்டி அடுப்பை நிறுத்தினார். கல்லில் இருப்பதை எடுத்துக் கொடுக்கச் சொல்லி நதியாவிடம் தோசைக் கரண்டியைக் கொடுத்தார். புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் ஓடிப்போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன்.

ஏறுவதற்கு முன்னால் அவர் நின்று புருஷன் முகத்தைப் பார்த்தார்.

“நெசமாத்தான் சொல்றியா, இல்ல பயந்துகினு சொல்றியா?”

“பயந்துகினுதான் சொல்றேன்,” என்றார் தாண்டவராயன். “உன்னப் பாத்து இல்ல.”

மாணிக்கம்மாள் ஏறி உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.